விசித்திர மிருகம் கண்ணுல பட்டா என்ன பண்ணணும்? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

வித்தியாசமா ஒரு மிருகத்தைப் பார்த்துட்டீங்க, இல்ல யாரோ பார்த்ததா சொல்றாங்க, இல்ல இந்த மாதிரி விஷயம்னாலே உங்களுக்குப் பைத்தியம், நாமளும் தேடிப் பார்க்கலாமேனு தோணுது. மூணுல எதுவா இருந்தாலும் தொடர்ந்து படிங்க. ஆனா ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு காட்டுக்குள்ள போய் பனிமனுஷனைத் துரத்துற கதையை எதிர்பார்த்து வந்திருந்தா ஏமாந்துடுவீங்க, முன்னாடியே சொல்லிடறேன்.

ஏன்னா நிஜமா கிடைச்ச வினோத ஜந்துக்களோட கதையைப் பாருங்க. லாவோஸ்ல 1996ல கறிக்காக சந்தையில வித்துக்கிட்டு இருந்த ஒரு பாறை எலி, அங்க அதுக்குப் பேரு கா-ந்யூ, 2005ல புது இனம்னு அறிவிச்சாங்க, அடுத்த வருஷமே இன்னொரு குழு ஆராய்ஞ்சு இது 1 கோடியே 10 லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே அழிஞ்சதா நினைச்ச குடும்பத்தோட வாரிசுனு சொல்லிட்டாங்க. வியட்நாம்ல 1992ல வூ குவாங் காட்டுப் பக்கம் சர்வே பண்ணப் போனவங்க வேட்டைக்காரங்க வீடுகள்ல நீளமா நேரா இருந்த கொம்புகளைப் பார்த்தாங்க, அதுதான் சாவோலா, மாட்டுக் குடும்பத்துல யாருக்குமே தெரியாம இருந்த பெரிய மிருகம். ரெண்டு இடத்துலயும் எலும்போ கொம்போ உடம்போ, இன்னொருத்தர் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்குற மாதிரி ஒரு பொருள் இருந்துச்சு. அவ்ளோதான் விஷயம். நீங்க பார்த்தது உண்மையாவே இருந்தாலும், நீங்க கிளம்பினதுக்கு அப்புறம் வேற ஒருத்தர் வந்து சோதிக்க எதுவுமே மிச்சம் இல்லன்னா அது கதையாவே நின்னுடும். கீழ சொல்ற எல்லா வேலையும் இந்த மிச்சத்தை உண்டாக்குறதுக்குத்தான்.

படி 1: பார்த்த அந்த நிமிஷம்

கிட்டப் போகாதீங்க. இது தைரியம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்ல, வினோதமா தெரியற மிருகம் பல நேரம் நோய் வந்த மிருகமா இருக்கும், பயம் இல்லாம பகல்ல தள்ளாடி வர்ற நரியோ தரையில கிடக்குற வவ்வாலோ ரேபிஸ் வந்ததா இருக்கலாம். கடிச்சாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடுற தண்ணியில ஒரு 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி, போட்டோ எல்லாம் அப்புறம்.

போனை எடுத்ததும் எல்லாரும் பண்றது ஃபுல்லா ஜூம் பண்றது. அதைப் பண்ணாதீங்க. முதல்ல ஜூம் இல்லாம, சுத்தி இருக்குற மரம் பாறை வேலி எல்லாம் தெரியற மாதிரி ரெண்டு மூணு எடுங்க, அப்புறம் வேணும்னா ஜூம். போன்ல பண்ற டிஜிட்டல் ஜூம் இருக்குற படத்தையே வெட்டிப் பெருசாக்குறதுதான், புதுசா ஒரு விவரமும் வராது, கூடவே பின்னணியும் போயிடும். பின்னணி போச்சுன்னா சைஸ் போச்சு. வெட்டவெளியில, தண்ணி மேல, வானத்துல, இருட்டுல, இந்த நாலு இடத்துலயும் ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணும் இல்லாததால நம்ம கண்ணு சைஸை கன்னாபின்னான்னு தப்பா கணக்குப் போடும், சாதாரண கருப்புப் பூனை கருஞ்சிறுத்தையா மாறுறது இப்படித்தான்.

வீடியோ எடுத்தா ஓடாதீங்க, எதுலயாவது சாய்ஞ்சு நின்னுக்கிட்டு எடுங்க. பேசவும் வேணாம், சத்தம் ஏதாவது போட்டுச்சுன்னா அதுவும் பதிவாகட்டும்.

மிருகம் போனதும் உடனே கிளம்பிடாதீங்க, முக்கியமான வேலையே இப்பதான். நீங்க நின்ன இடத்துல ஒரு அடையாளம் வைங்க. கூட யாராவது இருந்தா அந்த மிருகம் நின்ன இடத்துல போய் ஒரு குச்சியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்லுங்க (அது உண்மையிலேயே போயிடுச்சுனு உறுதி பண்ணிட்டு!), அதே இடத்துல இருந்து அதே போன்ல அதே ஜூம்ல இன்னொரு போட்டோ எடுங்க. குச்சியோட நீளம் தெரியும்ல, ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சா மிருகத்தோட உயரம் ஓரளவுக்கு சரியா வந்துடும். இந்த ஒரு போட்டோவை யாரும் எடுக்குறதே இல்ல. மங்கலான படமா இருந்தாலும் இது இருந்தா அதுக்கு மதிப்பு வந்துடும்.

படி 2: யார்கிட்டயும் பேசுறதுக்கு முன்னாடி எழுதுங்க

கூட நாலு பேர் இருந்தா நாலு பேரும் தனித்தனியா எழுதணும். முதல்ல பேசிட்டு அப்புறம் எழுதினா நாலு பேர் பார்த்தது ஒரே ஆள் பார்த்ததா ஆயிடும், யாரு சத்தமா சொன்னாங்களோ அவங்க சொன்னதே எல்லாருக்கும் ஞாபகமா மாறிடும். நம்ம மூளை அப்படித்தான், இதுல பொய் சொல்ற எண்ணமெல்லாம் யாருக்கும் இல்ல.

எழுதும்போது பேர் வைக்காதீங்க, பார்த்ததை மட்டும் எழுதுங்க. "ஓநாய் மாதிரி இருந்துச்சு"ன்னா படிக்கிறவருக்கு ஓநாய்தான் தெரியும். "நாலு காலு, பின்னங்கால் முன்னங்காலை விட உயரம் கம்மி, வாலு தரையைத் தொடல, காது மேல் நோக்கி நின்னுச்சு, முதுகுல முடி இல்லாம கருப்பா தோல் தெரிஞ்சுது"ன்னா அதை வச்சு ஒருத்தர் வேலை செய்யலாம். நேரம், வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வந்துச்சு, தூரம் எத்தனை காலடி, எவ்ளோ நேரம் பார்த்தீங்க, எப்படி நடந்துச்சு, எந்தப் பக்கம் போச்சு. நடையை மறக்காதீங்க, பூனை வகை நடக்குறதும் கீரி ஓடுறதும் கரடி அசைஞ்சு அசைஞ்சு போறதும் ஒண்ணுக்கொண்ணு சுத்தமா வேற.

அப்புறம் படம் வரைங்க. எனக்கு வரைய வராதுனு சொல்லாதீங்க, அழகா இருக்கணும்னு யாரும் கேட்கல. 1938 டிசம்பர்ல தென்னாப்பிரிக்காவுல ஈஸ்ட் லண்டன் துறைமுகத்துக்கு வந்த மீன் குவியல்ல நீல நிறமா ஒரு வினோத மீனை மியூசியத்துல வேலை பார்த்த மார்ஜரி கோர்ட்னி-லேட்டிமர் பார்த்தாங்க, ஒன்றரை மீட்டர் நீளம், அம்பது கிலோவுக்கு மேல எடை, அங்க டிசம்பர்னா கோடை வெயில், வைக்க ஐஸ் வசதி கிடையாது, பிணவறையில கேட்டாங்க, குளிர்பதனக் கிடங்குல கேட்டாங்க, ஒருத்தரும் இடம் தரல. கடைசியில அழுகிடுமேனு பாடம் பண்ணக் கொடுத்துட்டாங்க, உள் உறுப்புகள் எல்லாம் போச்சு. ஆனா அவங்க ஒரு சின்ன ஸ்கெட்ச் வரைஞ்சு, குறிப்பு எழுதி, மீன் ஆராய்ச்சியாளர் ஜே.எல்.பி. ஸ்மித்துக்கு தபால்ல அனுப்பியிருந்தாங்க. அவர் நேர்ல வந்து பார்க்கவே பிப்ரவரி ஆயிடுச்சு. அந்தப் படத்தைப் பார்த்துதான் இது டைனோசரோட சேர்ந்து அழிஞ்சுபோச்சுனு நம்பிக்கிட்டு இருந்த சீலகாந்த்னு அவருக்குப் பொறி தட்டுச்சு. மீனுக்கு லேட்டிமேரியானு அவங்க பேரையே வச்சார். அந்த ஸ்கெட்சை இன்னைக்குப் பார்த்தாலும் ஒண்ணும் ஓவியம் மாதிரி இருக்காது, ஆனா துடுப்பு எத்தனை, எங்க இருக்கு, வாலு எப்படி முடியுது எல்லாம் இருக்கும்.

படி 3: தடயம்

கால்தடம் கிடைச்சா மேல இருந்து நேரா, பக்கத்துல ஸ்கேல் வச்சு எடுங்க. ஸ்கேல் இல்லன்னா காசு, பேனா, ஏதாவது அளவு மாறாத பொருள். காலையிலயோ சாயங்காலமோ சாய்வா வெயில் விழும்போது எடுத்தா பள்ளம் மேடு நல்லா தெரியும், உச்சி வெயில்ல தடமே தட்டையா போயிடும். ஒரு தடத்தோட நிறுத்தாதீங்க, வரிசையா எத்தனை இருக்கோ அத்தனையும் எடுத்து, ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளியை அளந்து வைங்க.

தடத்துல நக முனை தெரிஞ்சா நாய், நரி, ஓநாய் பக்கம் யோசிக்கணும், நகம் தெரியலன்னா பெரும்பாலும் பூனைக் குடும்பம், ஏன்னா அதுங்க நடக்கும்போது நகத்தை உள்ள இழுத்துக்கும் (சிவிங்கிப்புலிக்கு மட்டும் இது பொருந்தாது). பூனை வகையில விரலுக்குப் பின்னாடி இருக்குற பெரிய மெத்தையோட கீழ் ஓரம் மூணு வளைவா இருக்கும்.

பனியிலயும் ஈர மண்ணுலயும் ரொம்ப ஜாக்கிரதை. பனியில விழுந்த தடம் வெயில் பட்டு உருகினா பெருசாகும், விரல் எல்லாம் ஒண்ணா சேர்ந்துடும், கரடி நடக்கும்போது முன்னங்கால் வச்ச இடத்து மேலயே பின்னங்காலை வச்சா ரெண்டும் சேர்ந்து ஒரு பிரம்மாண்ட மனுஷக் கால் மாதிரி தெரியும். 2019 ஏப்ரல்ல இந்திய ராணுவம் நேபாளத்துல மகாலு மலை முகாம் பக்கத்துல 32 அங்குல நீளம் 15 அங்குல அகலத்துக்கு யெட்டி (அதான் பனிமனுஷன்) தடம்னு ட்விட்டர்ல போட்டோ போட்டு உலகம் பூரா சிரிச்சுது ஞாபகம் இருக்கா, அந்தப் பக்கத்து ஆளுங்களும் போர்ட்டர்களும் அது அங்க அடிக்கடி பார்க்குற கரடித் தடம்னு சொன்னதா நேபாள ராணுவத் தரப்புலயே சொல்லிட்டாங்க. பக்கத்துல நின்னவங்களைக் கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

முடி, எச்சம், இறகு, எலும்பு கிடைச்சா வெறும் கையால தொடக்கூடாது. ஒண்ணு உங்க பாதுகாப்பு, ரெண்டாவது உங்க டிஎன்ஏ அதுல ஒட்டிக்கும், அப்புறம் ரிசல்ட்ல "மனுஷன்"னு வந்தா அதை வச்சு வேற கதை கிளம்பும். முடியை காகித கவர்ல போடுங்க, பிளாஸ்டிக்ல போட்டா ஈரம் கோத்து பூஞ்சை பிடிக்கும். வேரோட இருக்குற முடின்னா ரொம்ப உபயோகம். தசைத் துண்டுன்னா 95 சதவீத எத்தனால்ல போடணும், ஃபார்மலின்ல போட்டா உருவம் நல்லா நிக்கும், டிஎன்ஏ கெட்டுடும். இதை எல்லாம் நீங்களே பண்ணலாமான்னா, பல நாடுகள்ல பாதுகாக்கப்பட்ட விலங்கோட இறகு ஒண்ணு கையில வச்சிருந்தாலே கேஸ், அதனால போட்டோ எடுத்து இடத்தைக் குறிச்சுட்டு வனத்துறைக்கோ மியூசியத்துக்கோ போன் பண்ணிக் கேட்டுட்டு எடுக்குறதுதான் சரி.

மாதிரி எடுத்து வைக்கிறதால என்ன ஆகும்னு பார்க்கணும்னா, 1977ல சூயோ மாருன்ற ஜப்பான் மீன்பிடிக் கப்பல் நியூசிலாந்து பக்கத்துல அழுகிப்போன ஒரு உடலை வலையில இழுத்துச்சு. நீளக் கழுத்து, சின்னத் தலை, நாலு துடுப்பு, பார்க்க அச்சு அசல் அந்தக் காலத்து கடல் ஊர்வன பிளீசியோசர் மாதிரியே இருந்துச்சு. பிடிச்ச மீன் எல்லாம் கெட்டுடும்னு உடம்பை திரும்ப கடல்லயே போட்டுட்டாங்க, ஆனா அதுக்கு முன்னாடி ஒருத்தர் போட்டோ எடுத்து, அளவெடுத்து, துடுப்புல இருந்து நார் கொஞ்சம் பிச்சு வச்சிருந்தார். அந்த நாரை சோதிச்சப்பதான் இது பாஸ்கிங் ஷார்க்னு சொல்ற பெரிய சுறா வகைனு தெரிஞ்சுது. அந்த சுறா அழுகும்போது பெரிய தாடையும் செவுளும் முதல்ல கழண்டு விழுந்துடும், மிச்சம் இருக்குறது ஒரு குட்டி மண்டையோடும் நீள முதுகெலும்பும், அதாவது தானா ஒரு பிளீசியோசர். அந்த நார் மட்டும் இல்லன்னா இன்னைக்கும் அடிச்சுக்கிட்டு இருப்பாங்க (இப்பவும் சிலர் அடிச்சுக்கிட்டுதான் இருக்காங்க, அது வேற).

படி 4: தெரிஞ்ச மிருகம் எல்லாத்தையும் கழிச்சுட்டீங்களா?

இதுதான் யாருக்கும் பிடிக்காத படி. ஆனா இதுல தேறினாதான் அடுத்தது. வழக்கமா மாட்டுறவங்க சிலர் இருக்காங்க, அவங்களை முதல்ல பார்த்துடுங்க.

சொறி பிடிச்ச நாய், நரி, கொயோட்டி (அமெரிக்காவுல இருக்குற சின்ன ஓநாய் மாதிரி மிருகம்). சார்கோப்டிஸ்னு ஒரு நுண்ணிய பூச்சி தோலுக்குள்ள போய் முடி எல்லாம் கொட்டி, தோல் தடிச்சு சுருங்கி, காது பெருசா, மூஞ்சி கூரா, பல்லு நீண்ட மாதிரி தெரியும். வலு இல்லாததால காட்டுல வேட்டையாட முடியாம ஆடு கோழி இருக்குற இடத்துக்கே வந்துடும், அதனால ரத்தக் காட்டேரினு கதையும் சேர்ந்துடும். 1995ல போர்ட்டோ ரிக்கோவுல ஆரம்பிச்ச சுப்பாகாப்ரா (ஆட்டு ரத்தம் குடிக்கிறதா சொல்ற மிருகம்) கதைக்கு அப்புறமா அமெரிக்காவுல உடல் உடலா கிடைச்சுது, சோதிச்சப்ப கொயோட்டி, நாய், ரெண்டோட கலப்புனு இப்படித்தான் வந்துச்சு. முடி இல்லாத கரடி இன்னும் மோசம், நானே படத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் ஆடிப்போனேன்.

கூகைன்ற ஆந்தையோட குஞ்சு. வெள்ளையா, இதய வடிவ மூஞ்சி, ரெண்டு காலுல நிமிர்ந்து நிக்கும், ஸ்ஸ்ஸ்னு சீறும். வேற்றுகிரகவாசினு வாட்ஸ்அப்ல வர்றதுல முக்காவாசி இதுவாத்தான் இருக்கும்.

நீர்ல அழுகின உடல், இதை மேலயே பார்த்துட்டோம். 2008ல நியூயார்க் பக்கம் மாண்டாக் கடற்கரையில ஒதுங்கின "அரக்கன்" ஒரு ரக்கூன், முடி கொட்டி மேல் உதடு அழுகிப்போனதால அலகு மாதிரி தெரிஞ்சுது.

வரிசையா நீந்துற நீர்நாய்கள் (ஒரே நீள பாம்பு மாதிரி தெரியும்), கழுத்து மட்டும் வெளிய தெரிய நீந்துற மான், யாரோ வளர்த்து தப்பிச்ச வெளிநாட்டு மிருகம், நிறமி கூடி முழுக் கருப்பா பொறந்தது, நிறமியே இல்லாம வெள்ளையா பொறந்தது, குட்டிப் பருவத்துல இருக்குறது, முடி உதிர்ற காலத்துல இருக்குறது. இதுல ஒவ்வொண்ணையும் பார்த்து "இது இல்ல, ஏன்னா..."னு ஒரு வரி எழுதுங்க. அந்த ஏன்னா வரலன்னா அந்த மிருகம் இன்னும் லிஸ்ட்ல இருக்குனு அர்த்தம்.

ரொம்ப நாள் பூஜிச்ச தடயமும் இதே படியிலதான் விழுந்துச்சு. 2017ல யெட்டியோடதுனு மடங்கள்லயும் மியூசியங்கள்லயும் தனியார்கிட்டயும் வச்சிருந்த எலும்பு, பல்லு, தோல், முடினு 9 மாதிரியை ஷார்லட் லிண்ட்குவிஸ்ட் குழு டிஎன்ஏ பார்த்தாங்க, 8 கரடி, ஒண்ணு நாய். அமெரிக்காவுல பிக்ஃபுட் (அந்த ஊரு காட்டு மனுஷன் கதை) முடினு 1976ல எஃப்பிஐக்கு அனுப்பினதை அவங்களும் பொறுமையா சோதிச்சு மான் குடும்பம்னு சொன்னாங்க. ஆனா யெட்டி வேலையில ஒரு லாபமும் வந்துச்சு, கண்ணுல படவே அபூர்வமான இமயமலைக் கரடிங்களோட மரபணு வரலாறு அதுல கிடைச்சுது. என்னைக் கேட்டா யெட்டியை விட அது பெரிய கண்டுபிடிப்பு.

படி 5: ஃபார்வர்டா வந்த படம்

நீங்க பார்க்காம உங்களுக்கு வந்ததுன்னா முதல்ல படத்தை ரிவர்ஸ் இமேஜ் சர்ச்ல (படத்தை வச்சே நெட்ல தேடுறது) போடுங்க, பாதி கேஸ் அங்கயே முடியும், பத்து வருஷத்துக்கு முன்னாடி வேற நாட்டுல வந்த அதே படமா இருக்கும். இல்லன்னா எடுத்தவர்கிட்ட ஒரிஜினல் ஃபைலைக் கேளுங்க. வாட்ஸ்அப்ல சாதாரண போட்டோவா அனுப்பினா தேதி, இடம், கேமரா விவரம் எல்லாம் கழண்டுடும், அதனால டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க. முன்ன பின்ன எடுத்த படங்களையும் கேளுங்க. ஒரே ஒரு படம்தான் இருக்கு, ஒரிஜினல் போன்ல இல்ல, எடுத்தவர் யாருன்னு தெரியல, இந்த மூணும் சேர்ந்து வந்தா அதோட விட்டுடுங்க. இப்ப ஏஐ படம் வேற, விரலையும் நிழலையும் பார்த்து கண்டுபிடிச்ச காலம் போயிட்டு இருக்கு, படத்தை விட அது எங்க இருந்து வந்துச்சுன்ற சங்கிலிதான் இனிமே முக்கியம்.

நல்லவங்க கையெழுத்து இருக்கேனு நம்பிடவும் கூடாது. ராட்சசன் இருக்குறதா சொல்ற ஸ்காட்லாந்து லாக் நெஸ் ஏரியில நீளக் கழுத்தோட இருக்குற அந்தப் பிரபல 1934 போட்டோ, ஒரு டாக்டர் கொடுத்தார்ன்ற ஒரே காரணத்துக்காக அறுபது வருஷம் ஓடுச்சு, கடைசியில 1994ல வெளிவந்தது என்னன்னா பொம்மை நீர்மூழ்கி மேல ஒட்டின தலையாம். அதுக்கு முந்தின வருஷம் அதே ஏரிக்கரையில கிடைச்ச கால்தடம் காய்ஞ்ச நீர்யானைக் காலால அச்சு குத்தினது.

ஆனா சந்தேகமும் அளவோட இருக்கணும். பிளாட்டிபஸ் (வாத்து அலகு இருக்குற ஆஸ்திரேலியா பாலூட்டி) தோல் 18ஆம் நூற்றாண்டு கடைசியில இங்கிலாந்துக்கு வந்தப்ப, யாரோ வாத்து அலகை ஒட்டித் தைச்சு ஏமாத்துறாங்கன்ற சந்தேகம் நிபுணர்களுக்கே வந்துச்சு. ஆனாலும் தூக்கிப் போடல, 1799ல விவரிச்சு பேர் வச்சு பதிவு பண்ணினாங்க. சந்தேகம்னா அப்படி இருக்கணும்.

படி 6: அங்க இருக்குறவங்களைக் கேளுங்க, ஆனா கேட்குற விதத்துல கேளுங்க

என் பார்வையில இந்த மொத்த வேலையிலயும் இதுதான் உயிர். "கண்டுபிடிச்சாங்க"னு நாம சொல்றது பல நேரம் அங்க இருக்குறவங்களுக்கு சமையல்ல போடுற கறி. ரெண்டாவது சீலகாந்த் 1952ல கொமோரோ தீவுல கிடைச்சப்ப, அங்க மீனவங்க அதுக்கு கொம்பெஸ்ஸானு பேரே வச்சிருந்தாங்க, அவங்களைப் பொறுத்தவரை அது அவ்ளோ ருசி இல்லாத ஒரு மீன், அவ்ளோதான்.

கேட்டுட்டு நம்பாம விட்ட கதையும் இருக்கு. காங்கோ காட்டுல வரி வரியா கால் இருக்குற ஒரு மிருகம் இருக்குனு கேள்விப்பட்டு ஹாரி ஜான்ஸ்டன் தேடிப் போனார், அவர் மனசுல அது ஒரு காட்டுக் குதிரை. அந்தக் காட்டுலயே வாழுற ம்புட்டி மக்கள் இதோ இதான் அதோட தடம்னு காட்டினாங்க, பார்த்தா பிளவு பட்ட குளம்பு. குதிரைக்கு ஏது ரெண்டு குளம்புனு இவர் நம்பல, வேற ஏதோ மான் தடத்தைக் காட்டுறாங்கனு நினைச்சுட்டார். அவர் அனுப்பின தோல் துண்டை வச்சு லண்டன்ல அதுக்கு குதிரை இனம்னே பேரும் வச்சாங்க. அப்புறம் 1901ல முழுத் தோலும் மண்டையோடும் வந்தப்பதான் அது ஒட்டகச்சிவிங்கியோட சொந்தம், ஒகாபினு தெரிஞ்சுது, ஒட்டகச்சிவிங்கிக்கு ரெண்டு குளம்புதானே. காட்டினவங்க சரியாத்தான் காட்டியிருக்காங்க.

அதனால கேட்கும்போது நீங்க நினைக்கிற மிருகத்தோட பேரையோ படத்தையோ முதல்லயே எடுத்து நீட்டாதீங்க. "இந்தப் பக்கம் என்னென்ன மிருகம் இருக்கு, இப்ப அபூர்வமா போனது எது, அது என்ன சாப்பிடும், எந்த நேரம் வரும், எங்க படுக்கும்" இப்படி ஆரம்பிங்க. விருந்தாளி வந்திருக்காரே, அவரு ஆசைப்பட்டதை சொல்லுவோம்னு மரியாதைக்காகவே ஆமாங்கிறவங்க நிறைய பேர். கடைசியில படம் காட்டினா பத்து பதினஞ்சு படம் கலந்து காட்டுங்க, அதுல அந்த நாட்டுலயே இல்லாத மிருகம் ஒண்ணு ரெண்டும் இருக்கட்டும். அதையும் "ஆமா பார்த்திருக்கேன்"னு சொன்னா மத்த பதிலை கொஞ்சம் குறைச்சு எடுத்துக்கணும். வேட்டையாடினவங்ககிட்ட பேசும்போது போலீஸ் மாதிரி பேசாதீங்க, காட்டை அவங்க அளவுக்குத் தெரிஞ்சவங்க வேற யாரும் இல்ல. வெள்ளி முதுகு சருகுமான்னு ஒண்ணு, முயல் சைஸ்ல, வியட்நாம்ல முப்பது வருஷமா விஞ்ஞானிங்க யாரும் பார்க்கல, கடைசியில கிராமத்து ஆளுங்ககிட்டயும் வனக்காவலர்கள்கிட்டயும் விசாரிச்சு அவங்க சொன்ன இடத்துல கேமரா வச்சாங்க, மாட்டுச்சு, 2019ல உலகத்துக்கே தெரிஞ்சுது.

படி 7: கேமரா வைக்கிறது, தண்ணி எடுக்குறது

கேமரா ட்ராப்னா உடம்புச் சூடும் அசைவும் பட்டா தானா படம் எடுக்குற பெட்டி. முழங்கால் உயரத்துல கட்டுங்க, கிழக்கு மேற்கு பார்த்து வைக்காதீங்க, சூரியன் நேரா அடிச்சு படம் வெளுத்துடும். முன்னாடி ஆடுற புல்லை வெட்டிடுங்க, இல்லன்னா ஆயிரக்கணக்குல புல்லு போட்டோதான் வரும். தேதி நேரம் சரியா செட் பண்ணுங்க, இது சின்ன விஷயமா தெரியும், ஆனா தப்பான தேதியோட வர்ற படம் ஆதாரமா நிக்காது. மனுஷங்க நடக்குற பாதையில வைக்காதீங்க, அவங்க அந்தரங்கமும் போகும், கேமராவும் போகும். அனுமதி இல்லாம எந்தக் காட்டுலயும் வைக்கக்கூடாது.

பொறுமைக்கு 2023ல இந்தோனேசியா சைக்ளோப்ஸ் மலையில நடந்ததைச் சொல்லலாம், இயற்கைப் படங்கள் எடுக்குற டேவிட் அட்டன்பரோவோட பேரை வச்சிருக்குற நீள மூக்கு எக்கிட்னாவை (முள்ளு உடம்போட முட்டை போடுற பாலூட்டி) 1961க்கு அப்புறம் விஞ்ஞானிங்க பதிவே பண்ணல, பயணத்தோட கடைசி நாள்ல கடைசி மெமரி கார்டுல கடைசிப் படங்கள்ல வந்து நின்னுச்சு.

தண்ணியில வாழுறதுன்னா இப்ப புது வழி, சுற்றுச்சூழல் டிஎன்ஏ. ஏரித் தண்ணியை எடுத்து வடிகட்டினா அதுல வாழ்ற எல்லாத்தோட தோல், சளி, கழிவுல இருந்து வர்ற டிஎன்ஏ மாட்டும். லாக் நெஸ்ல நீல் ஜெம்மெல் குழு 2018ல 250 மாதிரி எடுத்தாங்க, ஊர்வன டிஎன்ஏ ஒண்ணும் இல்ல, விலாங்கு மீனோடது மட்டும் எங்க எடுத்தாலும் இருந்துச்சு. இதுக்கு லேப் வேணும், நீங்க தனியா பண்ண முடியாது, பல்கலைக்கழகத்துல யாரையாவது பிடிக்கணும்.

படி 8: யார்கிட்ட கொண்டு போறது

முதல்ல ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி, படத்தைப் பார்த்து மத்தவங்க அடையாளம் சொல்ற ஆப்ல போடுங்க, தேதி, இடம், படம் மூணும் இருக்கணும். மிச்சதை அங்க இருக்குறவங்க பார்த்துப்பாங்க. பெரும்பாலும் ஒரு நாள்ல பேர் தெரிஞ்சுடும், பெரும்பாலும் அது சாதாரண மிருகமாத்தான் இருக்கும், மனசு ஒடைய வேணாம்.

யாருக்கும் தெரியலன்னா இயற்கை வரலாற்று மியூசியம், பல்கலைக்கழக விலங்கியல் துறை, அந்த மிருகத்தோட குடும்பத்தையே ஆராய்ச்சி பண்றவர். மெயில் சுருக்கமா இருக்கட்டும், ஒரு பக்கம் போதும், படி 2ல எழுதினது, மூணு நல்ல படம், தடத்தோட அளவு, படி 4ல கழிச்ச லிஸ்ட். "நான் புது இனம் கண்டுபிடிச்சுட்டேன்"னு ஆரம்பிச்சா திறக்கவே மாட்டாங்க. "இது என்னன்னு அடையாளம் சொல்ல முடியுமா"னு கேளுங்க.

புது இனம்னு ஆகணும்னா அதுக்கு சர்வதேச விலங்கியல் பெயரிடல் விதிகள் இருக்கு. விவரமான வர்ணனை முறையா வெளியாகணும், மாதிரி உயிரினம் ஒண்ணு பொதுவான இடத்துல, பொதுவா மியூசியத்துல இருக்கணும், நாளைக்கு யாருக்கு சந்தேகம் வந்தாலும் அந்த உடம்போட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. இதுக்காக ஒரு அபூர்வ ஜீவனைக் கொல்லணுமான்னு பெரிய வாக்குவாதமே ஓடிட்டு இருக்கு. 2006ல அருணாச்சலத்துல ஈகிள்நெஸ்ட் காட்டுல ரமணா ஆத்ரேயா புகுன் லியோசிக்லான்ற பறவையை விவரிச்சப்ப கொல்லல, எண்ணிக்கை ரொம்ப கம்மியா தெரிஞ்சதால வலையில பிடிச்சு, இறகும் அளவும் படமும் குரல் பதிவும் எடுத்துட்டு பறக்க விட்டுட்டார். எனக்கு அது சரினு படுது. எல்லா நிபுணரும் ஒத்துக்க மாட்டாங்க, பூச்சிகள் விஷயத்துல உடம்பு இல்லாம முடியவே முடியாதுனு சொல்றவங்க பக்கத்துலயும் நியாயம் இருக்கு.

பூச்சினு சொன்னதும் ஞாபகம் வருது, மலேசியாவுல ஒருத்தர் எடுத்த பச்சை லேஸ்விங் பூச்சி போட்டோவை ஃப்ளிக்கர்ல பார்த்த ஷான் விண்டர்டன்ற பூச்சியியலாளருக்கு சிறகுல இருந்த கருப்பு வரி புதுசா தெரிஞ்சுது. மாதிரி இருக்கானு கேட்டார், இல்ல, படம் எடுத்துட்டு பறக்க விட்டாச்சு. பல மாசம் கழிச்சு அதே இடத்துல போட்டோ எடுத்தவருக்கே திரும்பக் கிடைச்சு, லண்டன் மியூசியத்துல சரிபார்த்து, 2012ல பேர் வச்சாங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்க பெரிய மிருகத்தை விட்டுட்டு இந்தப் பக்கம் வாங்கனு நான் சொல்றது இதனாலதான். வருஷத்துக்கு பத்தாயிரத்துக்கு மேல புது இனம் பதிவாகுது, அதுல ரொம்பப் பெரிய பங்கு பூச்சிதான். ராத்திரியில வெள்ளைத் துணி கட்டி ஒரு லைட் போட்டா போதும்.

படி 9: இடத்தை சொல்லாதீங்க

அபூர்வமான எதுவா இருந்தாலும் இடத்தை பொதுவுல போடாதீங்க, ஆப்ல லொகேஷனை மறைக்கிற ஆப்ஷன் இருக்கு, அதைப் போடுங்க, போட்டோவுல ஜிபிஎஸ் இருந்தா எடுத்துடுங்க. இந்தோனேசியா ரோட்டி தீவுல பாம்புக் கழுத்து ஆமையை 1994ல தனி இனமா அறிவிச்சாங்க, உடனே வளர்ப்பு பிராணி வியாபாரிகளுக்கு பேராசை வந்து பிடிச்சுப் பிடிச்சு காட்டுல கிட்டத்தட்ட ஒண்ணும் இல்லாம பண்ணிட்டாங்க. சீனாவுல 1999ல விவரிச்ச ஒரு குகைப் பல்லிக்கும் இதே கதி, ஆராய்ச்சிக் கட்டுரையில இருந்த இடத்தைப் பார்த்தே ஆளுங்க போய் காலி பண்ணிட்டாங்க. இப்ப பல ஆராய்ச்சியாளர்கள் அபூர்வமான ஜந்துக்கு துல்லியமான இடத்தை அச்சுல போடாம விட்டுடறாங்க.

சரியான இடம் நிபுணருக்கும் வனத்துறைக்கும் மட்டும் தனி மெயில்ல போகட்டும். மாதிரி ஏதாவது கொடுத்திருந்தா மியூசியத்துல பதிவு எண் கேட்டு வாங்கி, உங்க குறிப்போட சேர்த்து வைங்க. ஒரு மாசம் பதில் வரலன்னா ஞாபகப்படுத்தி இன்னொரு மெயில் போடலாம், தப்பில்ல. அதுக்கு மேல அவசரப்பட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல, ஒலிங்கிட்டோன்ற மரவாழ் மிருகத்தோட தோலும் மண்டையோடும் பல வருஷம் மியூசியம் டிராயர்லயே வேற பேர்ல கிடந்துச்சு, அந்த இனத்துல ஒண்ணு உயிரோடயே அமெரிக்கா மிருகக்காட்சிசாலைகள்ல இருந்து, ஜோடி சேர மாட்டேங்குதேனு இடம் மாத்தி மாத்தி அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. 2013ல தான் தெரிஞ்சுது, ஜோடினு விட்டதெல்லாம் வேற இனமாம்.